நமதூர் நடுநிலைப் பள்ளியில் யார் படிக்கிறார்கள்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நமதூர் முச்சந்திகளில் பதாகைகள் எழும். முதலிடம் பெற்ற மாணவி, இரண்டாமிடம் பெற்ற மாணவன், பள்ளித் தாளாளர், வாழ்த்துவோர் பட்டியல் என்று தெருவே நிறைந்துவிடும். உழைத்துப் படித்த பிள்ளைகளைப் பாராட்டுவதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதாகைகளின் நிழலில் நின்று நாம் பேசும்போது ஒரு சொல் தவறாமல் வந்து விழுகிறது: "கவர்மெண்ட் பள்ளிக்கூடமெல்லாம் உருப்படாது."

உருப்படாது என்று நாம் தீர்ப்பெழுதிவிட்ட பள்ளி, பள்ளிவாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி அது. நம்மில் நடுத்தர வயதைக் கடந்த பலரும் அங்கேதான் எழுதப் படிக்கக் கற்றோம். சென்ற கல்வியாண்டின் இறுதியில், முன்னாள் மாணவர்கள் என்ற முறையில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நம்மில் சிலரை அழைத்திருந்தனர். பிள்ளைகளின் கல்வித் தரம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஆசிரியர்களிடம் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சென்றோம். கேட்க நினைத்ததைக் கேட்காமலே திரும்பி வந்தோம் என்பதே உண்மை.

காரணம், தலைமையாசிரியர் நம் முன் வைத்த வருகைப் பதிவேடு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தோம். நமக்கு நன்கு அறிமுகமான குடும்பங்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. பிறகு, தெரியாத அந்தப் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரித்தோம். இடியாப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுத்து வரும் கைம்பெண்ணின் மக்கள் இருவர். தலாக்கிற்குப் பின் தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குச் சென்றுவிட, மூத்தும்மாவிடம் வளரும் சிறுமி. கடலுக்குச் செல்வோரின் பிள்ளைகள். ஊருக்கு மேற்கே உள்ள காலனியிலிருந்து வரும் தலித் பிள்ளைகள். இவர்களோடு, பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் சிறுவர்கள் சிலர். இவர்களின் தந்தையர் ஜும்ஆவில் நமக்கு அடுத்த ஸஃப்பில் நிற்பவர்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டென்றும், அப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்றும் நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லா வகுப்பிலும் பெண் பிள்ளைகளே மிகுதி. அதற்கும் விளக்கம் கிடைத்தது. ஒரே வீட்டில் மகனைக் கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிக்கு வேனில் அனுப்புகிறார்கள். மகளை நடந்து போகும் தூரத்தில் உள்ள இலவசப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

இப்படிப்பட்ட வகுப்பறையையும், நேர்காணல் நடத்திப் பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் கேட்டறிந்த பிறகே இடம் கொடுக்கும் வகுப்பறையையும் அருகருகே வைத்து, இது தரமானது, அது தரமற்றது என்று சொல்லி வருகிறோம். தேறமாட்டான் என்று கருதும் மாணவனுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் சில தனியார் பள்ளிகளில் உண்டு என்பது நமக்குத் தெரியாததன்று. அவ்வாறு அனுப்பப்பட்டவன் போய்ச் சேரும் இடமும் அரசுப் பள்ளிதான். நூறு சதவிகிதம் என்று பதாகையில் மின்னும் எண்ணுக்குப் பின்னே, கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பள்ளியின் தேர்ச்சியைப் பள்ளி மட்டும் முடிவு செய்வதில்லை என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தார். கட்டடம், நூலகம் போன்ற வசதிகளைக் காட்டிலும் மாணவனின் குடும்பப் பின்னணியே அவன் தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது என்பதும், உடன் படிக்கும் மாணவர்கள் யார் என்பதும் அவன் கற்றலைப் பாதிக்கிறது என்பதும் அவர் கண்ட முடிவுகள். ஏறத்தாழ அதே காலத்தில் நம் நாட்டில் கோத்தாரி கல்விக் குழு, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் அண்மைப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றுவிட்டது. வசதியும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு பள்ளியை விட்டு வெளியேறும்போது, வகுப்பில் துணிந்து கேள்வி கேட்கும் மாணவன் வெளியேறுகிறான். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று அதிகாரியிடம் முறையிடத் தெரிந்த பெற்றோரும் அவனோடு வெளியேறுகிறார்கள். எஞ்சியவர்களை நோக்கி, உங்கள் பள்ளி சரியில்லை என்று நாம் சொல்கிறோம்.

இதை எழுதும் நம்மில் பெரும்பாலோரின் பிள்ளைகளும் தனியார் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அதற்காகப் பள்ளியில் குறையே இல்லை என்று சாதிக்க முன்வரவில்லை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் தமிழ்ப் பாடநூலைக் கொடுத்து ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னோம். எழுத்து எழுத்தாகக் கூட்டி, மூன்றாம் வரியில் நின்றுவிட்டான். அவன் மதிப்பெண் அட்டையைப் பார்த்தால் அப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது. இந்நிலை நமதூருக்கு மட்டும் உரியதும் அன்று. 2022-ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்பில் பயிலும் நூறு பேரில் ஏறத்தாழ 70 பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. அந்தக் கணக்கில் தனியார் பள்ளி மாணவர்களும் அடக்கம்.

கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு எட்டாம் வகுப்பு வரை யாரையும் தோல்வியுறச் செய்து நிறுத்துவதில்லை. 2019-இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றது நன்றே. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்றவன் என்று முத்திரை குத்தினால், ஏழை வீட்டில் அடுத்த நாளே அவன் கையில் டீக்கடைத் தட்டு ஏறிவிடும். ஆயினும் தேர்வு இல்லாத இடத்தில், பிள்ளைக்குப் படிக்க வருகிறதா என்று அன்றாடம் கவனிக்கும் கண் ஒன்று வேண்டும். படித்த வீட்டில் தாய் கவனிப்பாள். படிக்காத வீட்டில் யார் கவனிப்பது? கூட்டத்துக்கு வந்திருந்த தாய் ஒருவரிடம், மகனுக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை என்பது தெரியுமா என்று கேட்டோம். "நான் படிச்சிருந்தாத்தானே காக்கா, அவன் படிக்கிறது சரியா தப்பான்னு எனக்குத் தெரியும்?" என்றார். அதற்கு மேல் கேட்க நமக்கு நா எழவில்லை.

ஆசிரியர்கள் கவனிக்கலாகாதா என்று கேட்கலாம். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கணிதம் அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியரும், 35 மாணவருக்கு ஓர் ஆசிரியரும் வேண்டும் என்கிறது சட்டம். ஒரு பணியிடம் காலியானால் அந்தப் பாடம் மற்றொருவர் தலையில் விழுகிறது. தேர்தல் பணி, கணக்கெடுப்பு, கைப்பேசியில் நாள்தோறும் ஏற்ற வேண்டிய விவரங்கள் எல்லாம் அதே ஆசிரியர்களின் பொறுப்பில்தான் உள்ளன. போதாக்குறைக்கு, வெளிமாநிலத்திலிருந்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது ஏழாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அவனோ தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவன். அவனுக்கென்று சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தருவதற்கு ஆள் வேண்டுமே. அந்த வகுப்பின் ஆசிரியை பக்கத்து ஊரிலிருந்து பேருந்தில் வருபவர், நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். எந்தப் பிள்ளையின் வாப்பா பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்பதெல்லாம் ஜமாஅத் நிர்வாகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ.

இங்கே நம்மைச் சிந்திக்க வைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வரியில் நின்றுபோன அந்தச் சிறுவன், நம் மஹல்லா மக்தபில் குர்ஆனை ஒருமுறை ஓதி முடித்தவன். தாய்மொழியல்லாத ஒரு மொழியின் எழுத்துகளை, வலமிருந்து இடமாக, உச்சரிப்புப் பிழையின்றி அவனால் ஓத முடிகிறது. எனவே அவனுக்கு அறிவு மட்டு என்ற பேச்சுக்கு இடமில்லை. வேறுபாடு, பாடம் கேட்கும் முறையில் இருக்கிறது. மக்தபில் உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே முன்னால் அமர்த்திப் பாடம் கேட்கிறார். நேற்றைய பாடம் சரியாக வராதவனுக்கு இன்று புதுப் பாடம் கொடுப்பதில்லை. நான்கு நாள் ஆனாலும் அதே பக்கம்தான். அடுத்தவன் மூன்று ஜுஸ்வு முந்திப் போயிருந்தாலும் இவனை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. பள்ளியிலோ ஜூன் மாதம் பிறந்தால் புதுப் பாடநூல். பழைய பக்கம் புரிந்ததா என்ற கேள்விக்கு நேரமில்லை. முஸ்லிம் பிள்ளைகள் பின்தங்குவதற்கு மதரஸாவே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் நாட்டில் உண்டு. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேரம் மதரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 3 சதவிகிதமே என்று 2006-ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை சொல்லிவிட்டது. காலை ஓதலுக்குச் சென்றுவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் கல்வியை ஓதல் கெடுப்பதில்லை. அந்த ஓதலிலிருந்து நாம் கற்றுக்கொள்ளாததே குறை.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் என்ன ஆகிறது என்பதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளியில் சேர வேண்டும். வாங்குவோர் அனைவரும் சேர்கிறார்களா? ஆண் பிள்ளைகளில் சிலர் சென்னையில் மாமா கடைக்குச் செல்கிறார்கள். சிலர் கோவையில் பிரியாணிக் கடையில். "எட்டு முடிச்சாச்சு, எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும், பாஸ்போர்ட்டுக்கு வயசு வரட்டும்" என்பது வீடுகளில் கேட்கும் பேச்சு. எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் இசிஆர் வகையைச் சேர்ந்தது. சவூதி, அமீரகம், கத்தர், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் தனியே அனுமதி பெற்றாக வேண்டும். பத்துத் தேறியவருக்கு அந்தத் தடை இல்லை. சபுராளிகளால் வாழும் ஊர் நமதூர். வெளிநாட்டுப் பிழைப்பையே குறியாகக் கொண்டாலும், எட்டோடு நிறுத்துவது அந்தப் பிழைப்பின் வாசற்படியிலேயே பிள்ளையைத் தடுக்கி விழச் செய்வதாகும்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் படிக்க விரும்புகிறார்கள், நன்றாகவும் படிக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போக வேண்டும் என்றவுடன் வீட்டில் தயக்கம் வந்துவிடுகிறது. வயது வந்த பிள்ளை, மாலை இருட்டிவிடுகிறது, துணைக்கு ஆளில்லை. இந்தத் தயக்கத்தை மூடத்தனம் என்று ஏளனம் செய்ய நாம் விரும்பவில்லை. தாய்மார்களின் அச்சம் மெய்யானது. அதே சமயம், தனியார் பள்ளிக்குச் செல்லும் மகனை வாசலில் வந்து ஏற்றிச் செல்லும் வேனுக்கு ஊரில் ஏற்பாடு இருக்கிறது. அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பெண் பிள்ளைகளுக்காக ஒரு வேனை ஜமாஅத் ஏற்பாடு செய்ய இயலாதா? ஒரு நிக்காஹ் விருந்தில் மிச்சமாகிக் கொட்டப்படும் சோற்றின் விலையை மட்டும் கணக்கிட்டால் போதும்.

ஆறாம் வகுப்புக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பலர் அறியாதது. மருத்துவப் படிப்பில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. மறு ஆண்டே பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் உயர்கல்வி பயில்வோருக்கு மாதம் 1000 ரூபாய் அளிக்கின்றன. இவற்றுக்கெல்லாம் அடிப்படைத் தகுதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் (மாத உதவித் திட்டங்களுக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலும்) படித்திருக்க வேண்டும் என்பதே. கடன் வாங்கி ஆறிலும் ஏழிலும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கட்டணம் செலுத்த முடியாமல் ஒன்பதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கடனும் மிஞ்சுகிறது, தகுதியும் கைநழுவுகிறது. ஒன்று முதல் எட்டு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு ஒன்றிய அரசு வழங்கி வந்த கல்வி உதவித்தொகையும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைக் கண்டித்து அறிக்கை விட்டோம். விட்டது சரியே. அதே எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்ந்தால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு நம் பிள்ளைகளில் எத்தனை பேரை எழுத வைத்தோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

நாம் கல்வியில் அக்கறையற்ற சமுதாயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும், 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி என்று முன்னோர் கட்டி வைத்தார்கள். 2001 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 73.5 சதவிகிதமாக இருந்தபோது, தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவிகிதம். இந்தப் பெருமையை மேடைதோறும் சொல்கிறோம். அந்தக் கல்லூரிகளின் வாசல்வரை வந்து சேர முடியாமல் எட்டாம் வகுப்பில் உதிர்ந்து விடுகிறவர்களைப் பற்றி மேடையில் பேச்சு வருவதில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுவோம். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவிகித இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. சிறுபான்மை உரிமை போராடிப் பெற்றது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக, நம் சமுதாயத்தின் பெயரால் நடக்கும் பள்ளியின் வாசலில் இடியாப்பம் விற்பவரின் மகள் நிற்க முடியாத நிலை சரிதானா? சட்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டிய கடமை இல்லாதபோது, அல்லாஹ்வுக்கு அஞ்சிச் செய்யும் வாய்ப்பு அப்பள்ளிகளின் நிர்வாகிகளுக்கு இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் சில இடங்களை அவர்களாகவே ஒதுக்கலாம். ஜகாத் நிதி எங்கே போகிறது என்று கேட்போருக்கு அது நல்ல விடையாகவும் இருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், சரிபாதி பெண்கள் என்பது விதி. நாம் சென்ற கூட்டத்திலும் தாய்மார்களே நிறைந்திருந்தார்கள். சுவரோரமாக அமர்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு எழுந்தார்கள். தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தத் தீர்மானத்தை அன்று நம்மில் ஒருவர் எழுந்து உரக்கப் படித்தார். அதன் பிறகுதான் ஒரு தாய், ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டார். அந்தக் கேள்வி தீர்மானத்தில் சேர்க்கப்பட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.

எழுத்துக் கூட்ட வராத பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைத் தலைமையாசிரியர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த மார்க்கத்துப் பிள்ளை என்று பாராமல், பள்ளி வளாகத்திலேயே, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம், மக்தபில் கேட்பதைப் போலவே ஒவ்வொருவரையும் தனியே அமர்த்திப் பாடம் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. தமிழுக்கு நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். இந்தி பேசும் பிள்ளைகளுக்குத் துணையாக, சவூதியில் நெடுங்காலம் இருந்து திரும்பிய சகோதரர் ஒருவர் வர இசைந்துள்ளார். எட்டாம் வகுப்பினரைத் திறன் தேர்வுக்குத் தயார் செய்யக் கல்லூரி மாணவிகள் மூவர் முன்வந்திருக்கிறார்கள். கணக்குப் பாடத்துக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.